மெழுகு நூல் கட்டிய ஆம்ப்

ஜனவரி 9

அன்புள்ள சுண்டெலிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் இருமல் விட்டதா? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஃபோனில் பேசலாம் என்றால் உன் அண்ணன் கதவுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டு நிற்பார். அதனால்தான் காகிதம்.

கிடார் சத்தத்தைக் கூட்டுகிற அவருடைய ஆம்ப் பெட்டி மறுபடியும் படுத்துவிட்டது. மேடையில் பாதிப் பாட்டில் புகைந்து போனதாம். வீட்டுக்கு வந்து கிடாரைச் சுவரில் சாய்த்து வைத்தவர், நானே தீக்குச்சி வைத்துக் கொளுத்தியதுபோல் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். ரிப்பேர் கடையில் கையை விரித்துவிட்டார்கள். நான் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே அட்டை முழுக்க எறும்பு மாதிரி சின்னச் சின்ன உருப்படிகள். எதையும் விரலால் பிடிக்கக்கூட முடியவில்லை.

போன தடவை நீ வேலை செய்கிற ஆம்ப் ரிப்பேர் கடையிலிருந்து ஒரு பழைய கண்ணாடி வால்வு ஆம்ப்பின் உள்பக்கப் படத்தைக் கொண்டுவந்து காட்டினாயே, நினைவிருக்கிறதா? அதில் ஒவ்வொரு பாகமும் கையில் எடுத்துப் பார்க்கிற அளவில் இருந்தது. அது மாதிரி ஒன்றை நானே செய்து தருகிறேன் என்றேன். உன் அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "ஜிப்பு மாத்தற கைக்கு ஆம்ப் கேக்குதா?" என்றார். சிரிப்பு வேறு.

என் தையல் கடையில் மெஷின் மோட்டார் நின்றுபோனால் யார் பிரித்துப் போட்டு மாட்டுகிறார்கள்? இவரா? எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எழுது. எனக்கு ஒன்றும் தெரியாது என்றே வைத்துக்கொண்டு எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி

ஜனவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இருமல் போய்விட்டது, எரிச்சல் போகவில்லை. இன்றைக்கும் ஒருவர் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்றார். நான்தான் என்றேன். "அப்ப நாளைக்கு வரேன்" என்று போய்விட்டார். இத்தனை வருஷம் கழித்தும் இதே கதைதான். நீங்கள் செய்யுங்கள் அண்ணி. செய்து அண்ணன் காதுக்குப் பக்கத்தில் வைத்து அலறவிடுங்கள்.

பார்சலில் இரண்டு டிரான்ஸ்பார்மர், மூன்று வால்வு, மற்ற சில்லறைகள், வரைபடம் எல்லாம் இருக்கின்றன. சின்ன ஆம்ப்தான், ஆனால் சின்னது என்று அலட்சியம் வேண்டாம். ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும், கரண்டைச் சேர்த்து வைக்கிற கெபாசிட்டருக்குள் முந்நூறு வோல்ட் சும்மா உட்கார்ந்திருக்கும். நான் அனுப்பியிருக்கிற கிளிப் மாட்டிய ரெசிஸ்டரை வைத்து அதை வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். அவசரப்பட்டீர்கள் என்று கேள்விப்பட்டால் நானே வந்து அடிப்பேன், அண்ணி என்றும் பார்க்கமாட்டேன்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்துவிடுங்கள். பல்பு ஒரு தரம் மின்னி அடங்கினால் சரி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ தப்பு, உடனே அணையுங்கள்.

இன்னொன்று. பிளக்கிலிருந்து வரும் பச்சை ஒயர்தான் எர்த். அதைத் தகரப் பெட்டியில் தனி போல்ட் போட்டு முறுக்குங்கள். உள்ளே ஏதாவது ஒயர் தோலுரிந்து பெட்டியைத் தொட்டால், கரண்ட் அந்தப் பச்சை வழியாக ஓடி ஃப்யூஸ் போய்விடும், ஆள் தப்பிப்பார். பச்சை இல்லையென்றால் அதே கரண்ட் கிடார் கம்பி வழியாக ஆளைத் தேடி வரும். என்ன ஆனாலும் அதில் கை வைக்கக்கூடாது.

உங்கள் முதுகுவலி எப்படி? குனிந்தே வேலை செய்யாதீர்கள்.

சுண்டெலி

மார்ச் 2

அன்புள்ள சுண்டெலிக்கு,

நலமா? என் முதுகு இருக்கிற இடமே தெரியவில்லை, விரல் நுனியெல்லாம் கொப்புளம். ஆனால் ஆம்ப் பாடுகிறது! பாடுகிறதடி!

சும்மா பாடிவிடவில்லை. ஈயம் வைத்த இடமெல்லாம் முதலில் பொலபொலவென்று உதிர்ந்தது. கம்பியைச் சூடாக்காமல் ஈயத்தை மட்டும் உருக்கி அப்பினால் ஒட்டுமா? பித்தானுக்கு நூலைச் சுற்றுகிற மாதிரி கம்பியை அட்டையில் இருக்கிற தகரக் காதில் மாட்டிச் சுற்றி, அப்புறம் ஈயம் வைத்தேன், நின்றது. ஒயர்கள் கொசகொசவென்று கிடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. தோல் பை தைக்கிற மெழுகு நூலை எடுத்து, சேர்த்து வைத்து விரற்கடைக்கு ஒரு முடிச்சாகக் கட்டிவிட்டேன். பச்சை ஒயரைக்கூட விடவில்லை. பின்னல் போட்ட மாதிரி அழகாக இருக்கிறது.

பல்பைக் கோத்து ஸ்விட்சைப் போட்டேன். பல்பு அடங்கியது, ஆனால் ஸ்பீக்கர் வாலை மிதித்த நாய் மாதிரி ஊளையிட ஆரம்பித்தது. உன் வரைபடத்தின் ஓரத்தில் "ஊளையிட்டால் வெளியே போகிற இரண்டு ஒயரை இடம் மாற்றவும்" என்று எழுதியிருந்தாய். மாற்றினேன். ஊளை நின்றது. லேசான ஹம், வண்டு ரீங்காரம் மாதிரி, அது மட்டும் பாக்கி.

உன் அண்ணன் கிடாரைச் செருகினார். மத்தியானம் ஆரம்பித்தவர் இருட்டுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. சரி, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று வாசற்படியிலேயே நின்றேன். "டீ இருக்கா?" என்றார்.

டீ போட்டுத்தான் கொடுத்தேன். என்னைச் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

கொப்புளத்துக்கு மருந்து போட்டீர்களா? உங்கள் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஒயரை நூலால் கட்டுவது பழைய டெலிஃபோன் ஆட்கள் செய்த வேலையாம், முதலாளி சொன்னார். யாரும் சொல்லித்தராமல் நீங்களாகவே செய்திருக்கிறீர்கள்!

ஹம்முக்கு, வால்வைச் சூடாக்குகிற இரண்டு ஒயரையும் இன்னும் இறுக்கிப் பின்னுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் டிரான்ஸ்பார்மரைக் கொஞ்சம் திருப்பி வைத்துப் பாருங்கள்.

அண்ணன் நேற்று ஃபோன் செய்தான். "நான் ஒரு ஆம்ப் செஞ்சிருக்கேன் தெரியுமா?" என்றான். செய்திருக்கிறோம் என்று சொல்ல வந்திருப்பான், சந்தோஷத்தில் வாய் குழறியிருக்கும். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நன்றாகத் தூங்குங்கள்.

சுண்டெலி

ஏப்ரல் 15

சுண்டெலிக்கு,

நலம் விசாரித்து எழுதுகிற நிலையில் நான் இல்லை. நீ நன்றாக இரு.

வாய் குழறவில்லையடி, தெளிவாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை கச்சேரி ஹாலில் உன் அண்ணனுடையது உட்பட மூன்று பாட்டுக் குழு வாசித்தது. நானும் போயிருந்தேன். இடைவேளையில் எல்லோரும் ஆம்ப்பைச் சுற்றி நிற்கிறார்கள், உன் அண்ணன் நடுவில் நின்றுகொண்டு வால்வைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார். நான் அவருக்குச் சமையலறையில் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறார், அதிலும் பாதி தப்பு. ஒருவர் பின்பக்கம் எட்டிப் பார்த்து, "என்னங்க இது, நூல் கட்டியிருக்கு?" என்று கேட்டார். உன் அண்ணன் கொஞ்சமும் கூசாமல், "அது என் ஸ்டைல்" என்றார்.

அவருடைய ஸ்டைலாம்! தன் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன்!

நான் அங்கேதான் நின்றேன். என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். யாரோ என் கையில் காலி கிளாஸைக் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து கேட்டால், "பொம்பள செஞ்சதுன்னா எவன் வாங்குவான்? உனக்காகத்தான் சொன்னேன்" என்கிறார். மூன்று ஆர்டர் வாங்கி வந்திருக்கிறார். முன்பக்கத்தில் அவர் பட்டப்பெயரைப் பித்தளையில் வெட்டி ஒட்டப்போகிறாராம்.

உன்னை ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவரிடம் நீ பேசு. அந்த ஆம்ப்பைச் செய்தது யார் என்று உனக்குத் தெரியும். நீ சொன்னால் கேட்பார். சொல்வாயா?

அண்ணி

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். கடையில் தலைக்கு மேல் வேலை. இரண்டு வாரம் காய்ச்சல் வேறு. மூன்று ஆம்ப்புக்கான டிரான்ஸ்பார்மர்களை அனுப்பியிருக்கிறேன். கெபாசிட்டரை மாற்றிப் போட்டுவிடாதீர்கள், கறுப்புக் கோடு இருக்கிற பக்கம் மைனஸில் சேர வேண்டும்.

அண்ணன் கொஞ்ச நாளாகத்தான் தலை நிமிர்ந்து நடக்கிறான். பாவம், குழுவில் அவனை யாரும் மதித்ததில்லை. வீட்டுக்குள் நீயா நானா என்று எதற்கு அண்ணி? யார் பெயரில் போனால் என்ன, பெட்டி நன்றாகப் பாடுகிறதல்லவா?

முதுகுவலிக்கு ஒத்தடம் கொடுங்கள்.

சுண்டெலி

ஜூன் 14

சுண்டெலிக்கு,

என் முதுகை விசாரித்தாய். முதுகு நன்றாக இருக்கிறது, எல்லோரும் ஏறி உட்கார வசதியாக.

நன்றாகப் பூசி மெழுகியிருக்கிறாய். யார் பெயரில் போனால் என்னவா? உன்னைத் தாண்டி மெக்கானிக்கைத் தேடுகிற ஆளிடமும் இதையே சொல்வாயா? அவன் போன பிறகு உனக்கு எரிந்தது. எனக்கு எரியும்போது ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாய். அண்ணன் என்றதும் வக்காலத்து வாங்கக் கிளம்பிவிட்டாய்.

ஒரு ஆம்ப் முடித்து, அன்றைக்கு ஹாலில் பாடிய ஒரு பாட்டுக்காரப் பெண்ணின் குழுவுக்குக் கொடுத்தாகிவிட்டது. ஹாலில் வைத்தால் ஹம் அதிகமாகக் கேட்கிறதாம். நான் வந்து பார்க்கிறேன் என்றேன். "நீ வந்தா நல்லாவா இருக்கும்? நான் பாத்துக்கறேன்" என்றார் உன் அண்ணன். பார்த்துக்கொள்ளட்டும். மற்ற இரண்டையும் நான் தொடப்போவதில்லை. செய்தது நான் என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் ஈயம் உருக்குகிற என் சால்டரிங் இரும்பு சூடாகும்.

பதில் போடு. காய்ச்சல் தேவலையா?

அண்ணி

ஜூலை 30

சுண்டெலிக்கு,

உன் பதில் வரவேயில்லை. நன்றாகத்தானே இருக்கிறாய்? கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

போன வாரம் அந்தப் பாட்டுக்காரப் பெண் கிடாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாயை வைத்திருக்கிறாள். கரண்ட் அடித்துத் தூக்கி எறிந்திருக்கிறது. உதடு வெந்துவிட்டது, விழுந்ததில் மணிக்கட்டு உடைந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. நான் செய்த ஆம்ப்தான்.

அவள் அம்மாவும் ஹால் மேனேஜரும் குழுக்காரர்களும் நேராக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கூடத்தில் நிற்க இடமில்லை. எல்லோரும் உன் அண்ணனைப் பிடித்து உலுக்குகிறார்கள். அவர் என்னைக் கைகாட்டினார். "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க. நான் வாசிக்கிறவன். செஞ்சது எல்லாம் இவதான், நூல் கட்டினது உட்பட" என்றார்.

இத்தனை மாதமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை! வந்துவிட்டது பார்!

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் கையைக் கூப்பி, "என் தப்புத்தான், மன்னிச்சிடுங்க" என்றேன். "துணியைத் தச்சமா போனமான்னு இருக்க வேண்டியதுதானே" என்றாள்.

ஆம்ப்பை ஹாலில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை எலக்ட்ரீஷியனை வைத்துத் திறந்து பார்க்கப்போகிறார்கள். என் கை எங்கே தவறியது என்று யோசித்து யோசித்து மண்டை வெடிக்கிறது. கடையில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. எங்கே தப்புச் செய்திருப்பேன்? உனக்குத் தெரிந்ததைச் சொல்லடி.

அண்ணி

ஆகஸ்ட் 5

அண்ணி,

உங்கள் தப்பு இல்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தப்பு இல்லவே இல்லை.

ஜூன் கடைசியில் அண்ணன் ஃபோன் செய்தான். ஹாலில் ஹம் தாங்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்று பச்சை ஒயரை வெட்டிவிட்டேன், இப்போது சத்தமே இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னான். நான் கத்தினேன். "யாராவது செத்துத் தொலைவாங்கடா, இப்பவே போய்ச் சேர்த்து வை" என்றேன். "சரி சரி, சேத்துடறேன்" என்றான். சேர்த்திருப்பான் என்று நம்பினேன். உங்களிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே நீங்கள் அவன்மேல் கொதித்துக்கொண்டிருந்தீர்கள், இது வேறு தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும் என்று பயந்தேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கும் பதில் எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் இதைத்தான் எழுத வேண்டியிருந்தது.

ஹால் மேனேஜருக்கும் எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். என்னைத் திட்டுங்கள். ஆனால் சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

சுண்டெலி

ஆகஸ்ட் 20

சுண்டெலிக்கு,

சாப்பிடுகிறேன். நன்றாகவே சாப்பிடுகிறேன்.

உன் கடிதம் வந்து சேர்வதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். நான் குற்றவாளி மாதிரி ஒரு மூலையில் நின்றேன். எலக்ட்ரீஷியன் கெபாசிட்டரை வடித்துவிட்டு விளக்கைப் பிடித்தார். என் முடிச்சுகள் ஒன்றுகூடக் கலையவில்லை. பச்சை ஒயர் மட்டும் நடுவில் வெட்டுப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் சுற்றிக் கிடந்தது. வெட்டியவர் அவசரத்தில் கரண்ட் ஒயரைப் பிடித்து இழுத்திருக்கிறார். ஓட்டையில் நான் மாட்டியிருந்த ரப்பர் வளையம் கழன்று, தகர விளிம்பு நாளாவட்டத்தில் ஒயரின் தோலை அறுத்திருக்கிறது. "இதை வெட்டினது யாரு?" என்றார் எலக்ட்ரீஷியன். உன் அண்ணன் கூரையைப் பார்த்தார். அப்புறம், "ஹம் வருதுன்னு இந்தக் குழுக்காரங்கதான் கத்தினாங்க. நான் சும்மா கொஞ்சம் வெட்டினேன்" என்றார்.

கொஞ்சம் வெட்டினாராம்!

மேனேஜர், குடும்பச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் வீட்டுக்குப் போகவில்லை. உன் அண்ணனை இழுத்துக்கொண்டு நேராக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மாதான் கதவைத் திறந்தாள். "அன்னைக்கு நான் கேட்ட மன்னிப்பைத் திருப்பி வாங்கிக்க வந்திருக்கேன். கேக்க வேண்டியவர் இதோ நிக்கறார்" என்றேன். உள்ளே கட்டிலில் அந்தப் பெண் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். உன் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு மென்று முழுங்கி, "வெட்டினது நான்தான்" என்றார். அவளுக்கு இன்னும் வாய் திறக்க முடியவில்லை.

உன்னிடம் வருகிறேன். ஒரு மாதம் உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வரி எழுதியிருந்தால் நானே போய் அந்த ஒயரைச் சேர்த்திருப்பேன், அந்தப் பெண் இன்றைக்குப் பாடிக்கொண்டிருப்பாள். வீடு ரெண்டாகும் என்று பயந்தாயாம். அவள் கை ரெண்டானதே! உன்மேல் எனக்கு ஆறவில்லை. ஆறுகிற மாதிரி நடிக்கவும் போவதில்லை.

வீட்டில் இருந்த, நான் முதலில் அவருக்குச் செய்து கொடுத்த ஆம்ப்பைப் பிரித்துவிட்டேன். முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுத்து, வால்வு, டிரான்ஸ்பார்மர், ஒயர் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, உன் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து, "செஞ்சவர்தானே, செய்யுங்க" என்று சொல்லிவிட்டேன். பிளக் ஒயர் மட்டும் என் கடை அலமாரியில் பூட்டியிருக்கிறது. நான் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அதில் கரண்ட் ஏறாது. பத்து நாளாக மனுஷன் அதன் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் கேட்க மானம் தடுக்கிறது. இனி உனக்குத்தான் ஃபோன் செய்வார். என்ன செய்வாய் என்று நீயே முடிவு செய்துகொள்.

மழை ஆரம்பித்துவிட்டது, நனையாதே.

அண்ணி

செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் திட்டியதில் ஒரு வார்த்தைகூட அதிகமில்லை.

நேற்று அண்ணன் ஃபோன் செய்தான். காய்ச்சலா, சாப்பிட்டாயா என்று சுற்றி வளைத்துவிட்டு, "சுண்டெலி, அந்த ரெண்டாவது வால்வுக்கு எந்த ஒயர் போவணும்?" என்றான். கடையில் ஆட்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினேன்.

"எனக்கு எப்படி தெரியும்? உன் வீட்டுல மெக்கானிக் இருக்காங்க, அவங்களைக் கேளு" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

சுண்டெலி